உப்புத் தண்ணீர்க் கறை

கார் வாங்குவதற்கு முன்பே காருக்கு ஸ்டெப்னி வாங்கியவர் என்று காரைக்கால் பக்கத்துப் பூவத்தில் தெட்சிணாமூர்த்திக்கு ஒரு பெயர் உண்டு. ஊர் கேலி செய்ததில் தப்பே இல்லை. பொதுப்பணித்துறையில் குமாஸ்தாவாக இருக்கிற மனிதர், நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகும் வயதில், ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு அம்பாசடர் சக்கரத்தைத் தெருவோடு உருட்டிக்கொண்டு போனால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எல்லைச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் பாலகுருவின் பஞ்சர் கடை. அதுவரை உருட்டிப் போய், காற்று நிரப்பிக்கொண்டு, மறுபடி வீடுவரை உருட்டி வருவார். "காரு பின்னாடி வருதுங்களா சார்?" என்று யாராவது கேட்பார்கள். "வரும், வரும். மெதுவா வரும்" என்பார். அந்தக் காற்று எதற்கு என்று உண்மையைச் சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

உண்மை என்னவென்றால், அவர் பொம்மை வண்டிகள் செய்வார். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லக்கூடாது. மாடல் என்று சொல்ல வேண்டும். கூடப் படித்த முகைதீன் பிச்சை பிரான்சில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தான். லீவில் வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் துண்டுகள் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றும், மாடல் செய்வதைப் பற்றிய பழைய பத்திரிகைகள் சிலவும் கொண்டுவந்து கொடுப்பான். பள்ளியில் படித்த அரைகுறை பிரெஞ்சை வைத்துக்கொண்டு தெட்சிணாமூர்த்தி அவற்றை எழுத்தெழுத்தாகப் படிப்பார். கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து லாரி, டிராக்டர், விசைப்படகு என்று உள்ளங்கை அளவில் ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்ப்பார். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த வருடங்களில் அவருக்கு அதுதான் துணை.

எண்பத்து மூன்றாம் வருடம் தை மாதத்தில் ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. பெண் போலகத்துக்காரி. பெயர் பங்கஜவல்லி, கோட்டுச்சேரியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா தங்கப்பன், பேரளத்துக்கும் காரைக்காலுக்கும் ஓடுகிற ரயிலில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். தாயில்லாப் பெண். அப்பா பக்கவாதம் வந்து படுத்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள், அவர் போன பிறகு அண்ணன் வீட்டில் இரண்டு வருடம் இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூட ஒதுக்கவில்லை. துணிமணி எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து, மடித்து, மறுபடி அதிலேயே வைத்துப் பழகிவிட்டாள்.

பூவத்துக்கு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தாள். தெட்சிணாமூர்த்தி கல்யாணத்துக்கு முன்பே பீரோவில் நடுத்தட்டைக் காலி செய்து, துடைத்து, தினத்தாள் விரித்து வைத்திருந்தார். "இது ஒனக்கு" என்று திறந்தும் காட்டினார். "சரிங்க" என்றாள். ஆனால் புடவைகள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. காலையில் பெட்டியைத் திறப்பாள், சாயங்காலம் மூடுவாள். நாளைக்கே யாராவது கிளம்பு என்று சொன்னால் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோதாக அது கதவோரமாகவே இருந்தது. அவள் எதற்கும் மறுப்பு சொன்னதில்லை, எதையும் கேட்டதும் இல்லை. சிரித்து அவர் பார்த்ததில்லை. பீரோவைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் காலித் தட்டு தெட்சிணாமூர்த்தியின் நெஞ்சில் உறுத்தியது. இவள் இந்த வீட்டைத் தன் வீடு என்று நினைக்க வேண்டும். அதற்கு என்ன செய்தால் ஆகும் என்பது ஒன்றுதான் அந்த வருடம் முழுக்க அவருடைய யோசனை.

பேசத் தெரிந்தவராக இருந்தால் பேசியிருப்பார். அவருக்குச் செய்யத்தான் தெரியும். அவளுடைய அப்பாவின் எஞ்சினைச் செய்து கொடுப்பது என்று முடிவு செய்தார்.

போலகத்தில் மைத்துனர் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ உண்டு. எஞ்சின் பக்கத்தில் தங்கப்பன் தொப்பியோடு நிற்கிறார். சட்டம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அதை வாங்கிவந்து அளவெடுத்தார், எஞ்சின் நம்பரையும் குறித்துக்கொண்டார். பிரெஞ்சு ரயில் மாடல் ஒன்றின் சக்கரங்களைக் கழற்றி, அட்டையும் தகரமும் தீக்குச்சியும் சேர்த்து மீட்டர் கேஜ் எஞ்சினாக மாற்றிக்கொண்டு வந்தார். ஆயுத பூஜை அன்று சாயங்காலம், படையல் போடும்போது அதை எடுத்து அவள் முன்னால் வைக்க வேண்டும். கொட்டகையில் அதன்மேல் ஒரு துண்டு எப்போதும் போர்த்தியிருக்கும். "என்னமோ செய்யிறேன், முடிஞ்சதும் காட்டுறேன்" என்றார். அதற்கும் அவள் "சரிங்க" என்றாள்.

பெயிண்ட் அடிக்கும் கட்டத்தில்தான் சிக்கல். பிரஷ்ஷால் தீட்டினால் கோடு கோடாகத் தெரிந்தது. கொசு மருந்து அடிக்கிற பம்ப்பில் கருப்பு எனாமலை ஊற்றி அடித்துப் பார்த்தார். எஞ்சினில் பட்டதைவிட வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த காசியம்மாவின் வெள்ளாட்டில்தான் அதிகம் பட்டது. பால்போல் வெளுத்த ஆடு. பக்கத்து வீட்டுக் காசியம்மா அன்றைக்கு அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துப் பேசினாள். ஒரு பக்கம் கருப்பாகவே அந்த ஆடு ரொம்ப நாள் தெருவில் திரிந்தது.

ஏர்பிரஷ் ஒன்று வேண்டும் என்று முகைதீன் பிச்சைக்கு எழுதினார். காற்று அழுத்தத்தில் பெயிண்டைப் புகை மாதிரி பீய்ச்சுகிற பேனா அளவுக் கருவி அது. கொண்டுவருகிறேன், ஆனால் காற்றுக்கு இயந்திரமெல்லாம் தூக்கிவர முடியாது, ஒரு கார் ஸ்டெப்னி பார்த்து வை, டியூபில் குழாயைச் செருகிவிட்டால் போதும் என்று பதில் வந்தது. ஸ்டெப்னி வந்த கதை அதுதான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகைதீன் பிச்சை வந்தான். ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்திருந்தான். மேசைமேல் கைக்குட்டையை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"ஒன்னு ஒனக்கு. இன்னொன்னு எங்க மச்சான் அல்லா பிச்சையோட போட்டோ ஸ்டுடியோவுக்கு. எது வேணுமோ நீ மொதல்ல எடுத்துக்க" என்றான். "இது இருக்கே, இது சாது. பின்னாடி இந்தத் திருகாணிய ஒரு தடவ வச்சுட்டா சரி. அமுக்குனா பெயிண்டு வரும், விட்டா நிக்கும். அடியில குப்பி, நெறையாப் புடிக்கும். அந்தா இருக்கே, அது கொஞ்சம் வீம்பு புடிச்சது. அமுக்குனா வெறும் காத்துதான். அமுக்குன வெரலாலயே பின்னால இழுத்தாத்தான் பெயிண்டு. எவ்வளவு இழுக்குறியோ அவ்வளவு. மேல சின்னக் கிண்ணம், அஞ்சாறு சொட்டுதான் கொள்ளும். ஊசி நூலாட்டம் இருக்கும். அடைச்சுக்கிட்டா கழட்டிக் கழட்டித் தொடைக்கணும்."

தெட்சிணாமூர்த்தி இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். புடவைக் கடையில் பெண்கள்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் கிடைப்பது இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற எனாமல். எவ்வளவு கரைத்தாலும் கொஞ்சம் கட்டி இருக்கும். அதற்கு வாய் அகலமான சாதுதான் தோது. எஞ்சின் முழுவதற்கும் கருப்பு ஏற்ற வேண்டும். அதற்கும் சாதுவின் குப்பிதான் வசதி. ஆனால் கருப்பு ஏற்றுவதோடு வேலை முடியாது. புத்தம் புதிதாக விட்டால் அது பொம்மைதான். துரு, புகை, மண், எண்ணெய்க் கசிவு என்று அதன்மேல் மெல்லிசாக ஏற்றி, நாள்பட உழைத்ததுபோல ஆக்கினால்தான் நிஜ வண்டி என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தான். மயிரிழை மாதிரி துரு இறங்க வேண்டுமானால் சாதுவால் ஆகாது.

"நீ கனத்த கைக்காரன். சாதுவ எடுத்துக்க. பின்னாடி என்னைய ஏசாத" என்றான் முகைதீன் பிச்சை. தெட்சிணாமூர்த்திக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பங்கஜவல்லி காபி கொண்டுவந்தாள். "தங்கச்சி, நீங்களும் புடிச்சுப் பாருங்க" என்றான் அவன்.

"எனக்கென்னங்கண்ணே தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? கடைக்காரன் சொன்னத ஒப்பிக்கிறேன். சும்மா புடிங்க."

ஸ்டெப்னியில் குழாயைச் செருகி, குப்பியிலும் கிண்ணத்திலும் நீல மையைக் கரைத்து விட்டார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் முதலில் சாதுவை வைத்து ஒரு கோடு போட்டாள். ஒரே பருமனில் சமர்த்தாக ஒரு கோடு விழுந்தது. "நல்லாருக்கு" என்று மரியாதைக்குச் சொன்னாள். பிறகு மற்றதை எடுத்தாள். முதல் அமுக்கலில் மை சிதறிச் சிலந்திக்காலாக நாலு பக்கமும் ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கி, விரலை மெல்லப் பின்னால் இழுத்தாள். தாளில் ஒரு கோடு நூலாகப் பிறந்து, போகப்போக அகன்று, விரல் தளர்ந்ததும் மறுபடி நூலாகி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது.

"அட, மூச்சு விடுற மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல் இருக்கிறது என்பது கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் தெட்சிணாமூர்த்திக்குத் தெரிந்தது. அவள் உடனே வாயை மூடிக்கொண்டு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இதுவே இருக்கட்டும்" என்றார்.

"டேய், அது ஒனக்கு வசப்படாதுடா."

"வசப்படும்."

எனாமல், ஊசி, குப்பி என்று அத்தனை நேரம் போட்ட கணக்கெல்லாம் காற்றோடு போயிற்று. ஆள் தேர்ந்தெடுத்தது ஏர்பிரஷ்ஷை இல்லை, அந்தத் தெத்துப்பல்லைத்தான். முகைதீன் பிச்சைக்கு அது புரிந்திருக்க வேண்டும். சாதுவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அந்தக் கருவி அவரைப் படாதபாடு படுத்தியது. காற்று வந்தால் பெயிண்ட் வராது, பெயிண்ட் வந்தால் மொத்தமாகக் கொட்டும். பழைய வேட்டித் துணியில் எனாமலை மூன்று தடவை வடிகட்டினால்தான் ஊசி அடைக்காமல் இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கவே ஆவணி ஆகிவிட்டது. ஸ்டெப்னியின் காற்று கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். மறுபடி பாலகுரு கடைக்கு உருட்டு. ஆனாலும் எஞ்சினுக்குக் கருப்பு ஏறிப் பளபளத்து, காய்ந்து, இறுகியது. பிறகு அதைப் பழசாக்கினார். போட்டோவில் எஞ்சின் பக்கவாட்டில் கருத்துத் தெரிந்த இடமெல்லாம் கரி என்று வைத்துக்கொண்டு கரி ஏற்றினார். ஆணித்தலைகளின் அடியில் நீர்க்கக் கரைத்த செங்காவி நிறத்தில் துரு இழுத்தார். கரித்தூள், செங்கல்தூள், குளத்துச் சேறு காயவைத்த பொடி எல்லாம் தடவினார். கடைசியில் துண்டை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அது உழைத்து ஓய்ந்த எஞ்சினாகவே நின்றது. தன் கையால் இவ்வளவு நன்றாக ஒன்று அமையும் என்று அவர் நினைத்ததில்லை. இதைப் பார்த்தால் அவள் பேசுவாள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் பாலகுரு ஆள் அனுப்பிவிட்டான். "சார் ஸ்டெப்னியும் நம்ம கடைப் புள்ளதான். அதுக்கும் பொட்டு வைக்கணும், உருட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்று செய்தி. தட்ட முடியவில்லை. "கொட்டகைச் சாமானெல்லாம் நான் வந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன இடத்தில் ஐயர் வரத் தாமதம். பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் வைத்த சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவர் வீடு திரும்புவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

கூடத்தில் எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தது. அரிவாள்மணை, மண்வெட்டி, கதிர் அரிவாள், சைக்கிள், அவளுடைய சாக்பீஸ் டப்பா, ஏர்பிரஷ் எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் கோலம் போட்ட மணைப்பலகையில் எஞ்சின் நின்றது.

கருகருவென்று மின்னியது. துரு இல்லை, கரி இல்லை, ஒரு பொட்டுச் சேறு இல்லை. முகப்பில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இட்டிருந்தாள். புகைபோக்கியைச் சுற்றி ஒரு முழம் மல்லிகையில் கிள்ளிய துண்டு.

தெட்சிணாமூர்த்திக்கு வந்தது கோபம்தான். அதை மூடி மறைப்பானேன். இரண்டு மாத வேலை. ஸ்டெப்னியைச் சுவரில் சாய்த்தார்.

"கொட்டகைக்குப் போனியா?"

"போனேங்க. ராவுகாலத்துக்கு முன்னால கழுவி வச்சுடணுமேன்னு."

"இதத் தொடச்சது யாரு?"

"நான்தாங்க. மண்ணெண்ணெயில பஞ்ச நனைச்சுத் தொடச்சேன். அப்பறம் துளி தேங்கா எண்ணெ. அப்பா அப்படித்தான்..." அவள் குரல் நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். "இது எங்கப்பா வண்டிதானேங்க? நம்பரப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. நீங்க ஏதோ படகு செய்யிறீங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். துண்டத் தூக்குனா அப்பா வண்டி. ஒரே துருவா, அழுக்கா நின்னுது. வேலை மும்முரத்துல நீங்க தொடைக்கல போலன்னு நெனச்சேன். எனக்கு மனசு கேக்கலங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது.

"நாலு வருசம் படுக்கையில கெடந்தாங்க. ஒருநாள்கூட அவங்கள அழுக்காப் போட்டதில்ல. அவங்க வண்டி இப்படி நிக்கிதேன்னு இருந்துச்சு."

தெட்சிணாமூர்த்தி மணைப்பலகைக்கு முன்னால் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகிற பெண்ணிடம் பொய் சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று கொஞ்ச நேரம் குழம்பினார். பொய் சொல்லி வாழப்போவது எத்தனை நாளைக்கு என்று தோன்றியது.

"அது அழுக்கு இல்ல. நான்தான் அடிச்சேன்" என்றார் மெதுவாக. "நெசமா இருக்கணும்னு துரு, கரி எல்லாம் நானே ஏத்துனேன். இன்னிக்கு சாயங்காலம் ஒனக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கை வாய்க்குப் போயிற்று.

"அவ்வளவும் நீங்க கையால செஞ்சதா? எனக்காகவா? நான் மண்ணெண்ணெய போட்டு அழிச்சுட்டேனே."

"நீ அழிக்கல. நான்தான் வேற யாரு வண்டியையோ செஞ்சு வச்சிருந்தேன்" என்றார். அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். "போட்டோவுல பக்கத்துல கருப்பா இருந்துச்சு. கரின்னு நெனச்சேன்."

"அது ஷெட்டுக் கூரையோட நெழலுங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நிழலுக்குப் பெயிண்ட் அடித்த மேதை இந்தத் தாலுகாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். எதிரில் உட்கார்ந்து, மல்லிகைத் துண்டைச் சரி செய்துகொண்டே பேசினாள். ஆயுத பூஜையென்றால் ஷெட்டுக்கு அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போவார். எஞ்சினின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முகப்பில் இதே இடத்தில் சந்தனம் வைப்பார். எட்டாத உயரம் என்பதால் அவளைத் தோளில் தூக்கிக்கொள்வார், குங்குமம் மட்டும் அவள்தான் வைக்க வேண்டும். பெண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைக்க மாட்டான்யா தங்கப்பன் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். வண்டி நின்றால் போதும், கையில் பஞ்சோடு இறங்கிவிடுவார். அம்மா செத்த வாரம்கூட அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தார், அழாமல் இருப்பதற்காக என்று பின்னால் அவளுக்குப் புரிந்தது. சோறு ஆறியதை இருவரும் கவனிக்கவில்லை. ஒன்பது மாதம் அந்த வீட்டில் சேர்ந்து பேசிய பேச்சைவிட அந்த மத்தியானப் பேச்சு நீளம்.

"ஒரே ஒரு கறைதாங்க அப்பாவால போக்க முடியல" என்றாள். "இந்தப் பக்கம் ஒரு வால்வு இருக்கும். அதுல தண்ணி கசியும். நம்ம பக்கத்துத் தண்ணி உப்புல்ல? கசிஞ்சது சூட்டுல காஞ்சு, வெள்ளையா ஒரு கோடு எறங்கும். காலையில தொடைப்பாங்க, சாயங்காலம் மறுபடி வந்துரும். இந்த உப்போட நான் மல்லுக்கட்ட முடியாதும்மா, இது நம்ம கூடவே வரட்டும்னுவாங்க."

தெட்சிணாமூர்த்தி நிமிர்ந்தார். "எந்த எடத்துல? காட்டு."

அவள் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினாள். அவர் கை ஏர்பிரஷ் பக்கம் போயிற்று. அவள் பட்டென்று தடுத்தாள்.

"இன்னிக்கு எடுக்கக்கூடாதுங்க. பொட்டு வச்சாச்சு. நாளைக்கு விஜயதசமி, நாளைக்கு."

மறுநாள் மத்தியானம் கொட்டகையில் முதல்முறையாக இரண்டு முக்காலிகள். அவர் வெள்ளையில் துளி சாம்பல் நிறம் கலந்து, வேட்டித் துணியில் வடிகட்டி, கிண்ணத்தில் நாலு சொட்டு விட்டார். சக்கரங்களுக்கு மட்டும் மணல் நிறத்தில் லேசாக ஒரு தூவல் அவர் போட்டார். அங்கே மண் இருந்தது உண்மைதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு கருவியை அவளிடம் நீட்டினார்.

"நான் எதுக்குங்க? கெடுத்துடுவேன்."

"அந்தக் கோடு எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும்."

நாட்காட்டித் தாளில் நிறைய நேரம் பழகினாள். அவர் ஸ்டெப்னியின் குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் கிட்டக் குனிந்தாள். வால்வின் அடியில் கோடு வெள்ளை நூலாகத் தொடங்கி, கொதிகலனின் வளைவோடு இறங்கி, கொஞ்சம் அகன்று, மங்கி, தானாகக் காணாமல் போனது. அவர் கையால் நூறு வருடம் அடித்தாலும் அப்படி வந்திருக்காது. அது கழுவியெடுத்த எஞ்சின். இருந்தாலும் அந்த ஒரு கோடு வந்ததும் அதற்குள் தண்ணீர் கொதிப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

பங்கஜவல்லி வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அப்பா டீ குடிக்க எறங்கிப் போயிருக்காங்க" என்றாள்.

தெட்சிணாமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. மண்ணெண்ணெய் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வில்லங்கம் வந்தது. ஐப்பசி பிறக்கப் போகிற சமயம். விளக்கைக் கண்டால் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சிகள் சாரிசாரியாகக் கிளம்பி வரும். ஈரப் பெயிண்டில் ஒன்று உட்கார்ந்தால் போதும், எல்லாம் பாழ். துண்டைப் போர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். தெட்சிணாமூர்த்தி எஞ்சினை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, வைக்க இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். "மூடி போட்ட பெட்டி ஏதாவது வேணும். அந்த அரிசி டின் காலியா?" என்றார்.

"அதுல தவிட்டுத் தூசி ஒட்டிக்குங்க. இருங்க" என்றாள்.

கதவோரம் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த புடவைகளை இரண்டு கையாலும் அள்ளி, கொண்டுபோய்ப் பீரோவின் நடுத்தட்டில் வைத்தாள். திரும்பி வந்து ரவிக்கைகளை எடுத்தாள், பிறகு கல்யாணப் புடவையை, பிறகு அடியில் இருந்த அப்பாவின் தொப்பியை. அவர் விரித்துவைத்த தை மாதத்துத் தினத்தாள் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதன்மேலேயே எல்லாவற்றையும் அடுக்கினாள். தெட்சிணாமூர்த்தி கையை அசைக்க முடியாமல் நடுக்கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் காரியம் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். "கொண்டாங்க" என்று எஞ்சினை வாங்கி உள்ளே வைத்து மூடினாள்.

"காயறதுக்கு எத்தன நாளாகும்?"

"ரெண்டு நாள் போதும்" என்றார். "அப்பறம் ஒன் பெட்டிய நீ எடுத்துக்கலாம்."

"எனக்கெதுக்குங்க பெட்டி? அது அதுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பீரோக் கதவைச் சாத்தி, சோறு எடுத்துவைக்கப் போனாள்.